ரயில் பார்க்க எங்கே நிற்பது?

மும்பையில் வாழும் தமிழர்களில் ரயிலில் போகாதவர் இல்லை. ஆனால் ரயிலைப் பார்த்தவர்கள் குறைவு. காலை லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு ரயில் என்பது ஒரு கதவு, ஒரு கைப்பிடி, முன்னால் நிற்பவரின் முதுகு. அவ்வளவுதான். மேற்கு, மத்திய ரயில்வேக்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான லோக்கல் வண்டிகளை இந்த நகரில் ஓட்டுகின்றன. இவை தவிர நாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் வந்து சேரும் தொலைதூர வண்டிகள், இரவும் பகலும் ஊர்ந்துகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டிகள். உலகத்தில் ரயில் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கோ அது வாசலிலேயே இருக்கிறது.

இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கக்கூடும். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் எட்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். மொழி தெரியாத ஊர், பேச ஆள் இல்லை, தொலைக்காட்சியும் அலுத்துவிட்டது. பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கைபேசியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. இந்த இருவரையும் ஒரு பிளாட்பார பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆயிரம் விஷயம் கிடைக்கும். செலவு தலைக்கு 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட்.

ஆனால் இதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஏதோ ஒரு ஸ்டேஷனுக்கு ஏதோ ஒரு நேரத்தில் போய், ஒரே மாதிரி நான்கு லோக்கலைப் பார்த்துவிட்டுச் சலித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் வேலி இடைவெளியில் புகுந்து தண்டவாளத்தின் ஓரம் போய் நிற்பது. எங்கே நின்றால் நிறைய வண்டிகளை, உயிருக்கு ஆபத்தில்லாமல் பார்க்கலாம் என்று தெரிந்துவிட்டால் இரண்டுக்கும் அவசியம் இராது. இக்கட்டுரையின் நோக்கம் அதுதான்.

புனலின் கழுத்து

எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம், கழுத்து குறுகல். எங்கிருந்து ஊற்றினாலும் கழுத்து வழியாகத்தான் இறங்க வேண்டும். ரயில் பாதைகளும் அப்படித்தான். ஒரு பெருநகரத்தின் முனையத்துக்கு வரும் வண்டிகள் பல திசைகளிலிருந்து வந்து, ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து, அதற்குப் பிறகு ஒரே பாதையில் நகருக்குள் நுழைகின்றன. அந்தச் சேரும் இடத்துக்கும் முனையத்துக்கும் இடைப்பட்ட பகுதியே கழுத்து. எந்த ஊரானாலும் ரயில் பார்க்க விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், நம்மில் பலர் வாயில் இன்னும் வி.டி.யாகவே இருக்கும் அந்த அழகான கட்டடம், ரயில் பார்க்கச் சிறந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடம் பார்க்க அது சிறந்த இடம்தான். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அங்கே வண்டிகள் மெதுவாக வந்து நிற்கின்றன, மெதுவாகக் கிளம்புகின்றன. மேலும் குர்லா லோகமான்ய திலக் முனையத்திலிருந்து புறப்படும் வண்டிகளை அங்கே பார்க்க முடியாது. இரண்டு முனையங்களின் வண்டிகளும் சேர்ந்து ஓடும் இடத்துக்குப் போக வேண்டுமானால் குர்லாவைத் தாண்ட வேண்டும்.

தாணே: முதல் பாடம்

அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது தாணே. 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து கிளம்பிய இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி, சாஹிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்களுடன் 34 கிலோமீட்டர் ஓடி வந்து நின்றது இங்கேதான். பதினான்கு பெட்டிகளில் சுமார் 400 விருந்தினர்கள் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அதுவே பாதையின் முடிவு. இன்றைக்கு அது கழுத்தின் நடுப்பகுதி.

குர்லாவுக்கும் கல்யாணுக்கும் இடையே இப்போது ஆறு பாதைகள் இருக்கின்றன. இரண்டு ஸ்லோ லோக்கலுக்கு, இரண்டு ஃபாஸ்ட் லோக்கலுக்கு, மற்ற இரண்டும் பெரும்பாலும் மெயில், எக்ஸ்பிரஸ், கூட்ஸ் வண்டிகளுக்கு. தாணேக்கும் திவாவுக்கும் இடையில் விட்டுப்போயிருந்த ஐந்தாவது, ஆறாவது பாதைகள் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. புனே, சோலாப்பூர் வழியாக நம் ஊருக்குப் போகும் வண்டிகள், நாசிக் வழியாக வடக்கே போகும் வண்டிகள், கொங்கண் வழியாகக் கோவாவுக்கும் கேரளத்துக்கும் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை, எல்லாம் தாணேயைக் கடந்தாக வேண்டும். வாஷி, பன்வேல் பக்கம் போகும் டிரான்ஸ் ஹார்பர் லோக்கல்களும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. நெரிசல் நேரத்தில் ஒரு பாதையில் நான்கு நிமிடத்துக்கு ஒரு லோக்கல் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பாதைகளில் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதற்கு மேல் எக்ஸ்பிரஸ் வண்டிகள். பேரன் கண்ணை எந்தப் பக்கம் திருப்புவது என்று திண்டாடிப் போவான்.

அடுத்தது திவா. இங்கே பாதை உடைகிறது. ஒரு கிளை பன்வேல் வழியாகக் கொங்கணுக்கு. இன்னொன்று வடமேற்கே வசாய் ரோடுக்கு. ஜவஹர்லால் நேரு துறைமுகத்திலிருந்து குஜராத் பக்கம் போகும் கண்டெய்னர் வண்டிகள் பன்வேல், திவா, வசாய் என்று இந்த வழியைப் பயன்படுத்துவதால் கூட்ஸ் வண்டி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல இடம். ஆனால் ஸ்டேஷன் நெரிசலானது. வயதானவர்களையும் சிறு குழந்தைகளையும் கூட்டிப்போக தாணேயே உத்தமம்.

கல்யாண்: பாதை பிரியும் இடம்

1854 மே மாதம் ரயில் எட்டிய கல்யாண், இன்றும் மத்திய ரயில்வேயின் பெரிய சந்திப்பு. கொங்கண் வண்டிகள் திவாவிலேயே பிரிந்துவிடுவதால் எண்ணிக்கையில் தாணேயைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் பார்க்கும் விஷயங்கள் அதிகம். இங்கிருந்து ஒரு பாதை கசாரா, நாசிக் நோக்கி வடகிழக்கே போகிறது. மற்றொன்று கர்ஜத், புனே நோக்கித் தென்கிழக்கே இறங்குகிறது. எதிர்த்திசைகளிலிருந்து வரும் இரண்டு எக்ஸ்பிரஸ் வண்டிகளில் யாருக்கு முதலில் வழிவிடுவது, எந்தக் கூட்ஸ் வண்டியைக் காத்திருக்க வைப்பது என்று சிக்னல் கேபினில் எடுக்கும் முடிவுகளை நாம் சிக்னல் விளக்குகளில் படித்துக்கொள்ளலாம். எஞ்சின் ஷெட்டும் பெரிய யார்டும் இருப்பதால் தனியாகப் போய் வரும் எஞ்சின்களும் கண்ணில் படும்.

மும்பைப் பகுதியில் மட்டும் ஒரு காலத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். நாட்டின் பிற பகுதிகளில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி வி.டி.க்கும் குர்லாவுக்கும் இடையே ஓடிய நாட்டின் முதல் மின்சார ரயில் அந்த 1,500 வோல்ட்டில்தான் ஓடியது. இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய விசேஷ எஞ்சின்களை அந்தக் காரணத்துக்காகவே கல்யாணில் வைத்திருந்தார்கள். மேற்கு லைனில் 2012-இலும், மத்திய ரயில்வேயில் கடைசியாக ஹார்பர் லைனில் 2016 ஏப்ரலிலும் மாற்றம் முடிந்து பழைய மின்சாரம் விடைபெற்றது. அந்த விசேஷ எஞ்சின்களின் இரட்டைத் திறனுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. ரயில் பார்க்கிறவர் கற்கும் பாடம் இது: இன்று சாதாரணமாகத் தெரிவது நாளை இராது. பார்க்கும்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நகருக்குள்ளே

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு தாதர் இருக்கிறது. மாதுங்கா, சயான், தாராவி அன்பர்களுக்குக் கூப்பிடு தூரம். மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடும் இடம். முன்பெல்லாம் இரண்டிலும் ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் இருந்ததால் ஊரிலிருந்து வந்தவர்கள் தவறான பக்கம் போய் நின்று வண்டியைக் கோட்டை விட்டதுண்டு. 2023 டிசம்பரிலிருந்து மேற்கு பக்கம் 1 முதல் 7, மத்திய பக்கம் 8 முதல் 14 என்று தொடர் எண் கொடுத்துவிட்டார்கள்.

வித்தியாசமான காட்சி வேண்டுமானால் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. கீழே மெயின் லைன், மேலே ஹார்பர் லைன் என்று இரண்டு அடுக்கு ஸ்டேஷன். கீழ் பிளாட்பாரத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு லோக்கல் போவதை நான்கு வயதுக் குழந்தையும் மறக்காது.

மேற்கு லைன்வாசிகளுக்கு போரிவலி. தில்லி, அகமதாபாத், ராஜஸ்தான் பக்கம் போகும் வண்டிகள், மும்பை சென்ட்ரலிலிருந்து கிளம்பினாலும் பாந்த்ரா டெர்மினஸிலிருந்து கிளம்பினாலும், இந்த வழியாகத்தான் போக வேண்டும். அவற்றில் பல இங்கே நின்றும் போகின்றன. மேற்கு லைனின் கழுத்து இதுவே. 2017 டிசம்பர் 25-இல் முதல் ஏ.சி. லோக்கல் ஓடத் தொடங்கியதும் இந்தப் போரிவலியிலிருந்துதான். அந்த வண்டி செய்யப்பட்ட இடம் நம் சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை. மும்பையில் ஓடும் சாதாரண லோக்கல் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவையும் அங்கே பிறந்தவையே. அதைப் பேரனிடம் சொல்லிக் கொஞ்சம் மார்தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

மலை ஏறும் வண்டிகள்

எண்ணிக்கைக்கு தாணே என்றால் காட்சிக்கு கர்ஜத்தும் கசாராவும். மும்பையிலிருந்து தக்காணத்துக்குப் போக சஹ்யாத்திரி மலையை ஏறித்தான் ஆக வேண்டும். புனே வழியில் போர் காட் 1863-இலும், நாசிக் வழியில் தல் காட் 1865-இலும் திறக்கப்பட்டன. இரண்டிலும் 37 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். சமவெளியில் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே ரயில்வேக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

எனவே மலை ஏறும் வண்டிகளுக்குக் கர்ஜத்திலும் கசாராவிலும் பின்னால் இரண்டு அல்லது மூன்று எஞ்சின்களை மாட்டுகிறார்கள். இவற்றுக்கு பேங்கர் என்று பெயர். முன்னாலிருந்து மட்டும் இழுத்தால் பாரம் முழுவதும் கொக்கிகளின் மேல் விழும். பின்னாலிருந்து தள்ளினால் அந்தப் பாரம் பகிர்ந்துகொள்ளப்படும். எங்காவது கொக்கி கழன்றுபோனாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டோடாமல் தாங்கிக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்பது வடாபாவ் வாங்குவதற்காக என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மையில் அது பேங்கர் மாட்டுவதற்காக. வடாபாவ் நமக்கு லாபம்.

இறங்கும் வண்டிகளுக்கு வேறு ஏற்பாடு. பிரேக் பிடிக்காத வண்டி கட்டுமீறி ஓடினால் அதை ஏற்றமான ஒரு முட்டுப் பாதையில் திருப்பிவிட்டு நிறுத்துவதற்கு கேட்ச் சைடிங் என்ற தனிப்பாதை உண்டு. இறங்கி வரும் வண்டி அங்கே நின்று, தன் பிரேக் சரியாக இருக்கிறது என்று நிரூபித்த பிறகே மேலே போக வழி கிடைக்கும். நடுக்காட்டில் காரணமில்லாமல் நிற்கிறானே என்று அடுத்த முறை டிரைவரைத் திட்ட வேண்டாம்.

2023 பிப்ரவரி 10-இல் சோலாப்பூருக்கும் ஷிர்டிக்கும் வந்தே பாரத் வண்டிகள் தொடங்கின. இவை பேங்கர் இல்லாமலே மலை ஏறுகின்றன. மோட்டார்கள் ஒரே எஞ்சினில் குவிந்திராமல் பல பெட்டிகளின் அடியில் பரவியிருப்பதே காரணம். கர்ஜத் பிளாட்பாரத்தில் ஒரே காலையில் இரண்டு காலத்தையும் பார்த்துவிடலாம்: தள்ளிவிட எஞ்சின் கேட்கும் வண்டி, கேட்காத வண்டி.

போகும் வழியில் நேரல். 1907 முதல் மாத்தேரான் மலைக்கு ஏறும் இரண்டடி அகலப் பாதைப் பொம்மை ரயில் இங்கிருந்து கிளம்புகிறது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து மலையேறும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

எந்த நேரம்?

இடம் பாதி என்றால் நேரம் மீதிப் பாதி. தொலைதூர வண்டிகளில் நிறைய அதிகாலையிலிருந்து காலை எட்டு மணிக்குள் மும்பை வந்து சேரும்படி நேரம் வகுத்திருக்கிறார்கள். கிளம்புகிறவற்றில் பல இரவில் போகின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை சிறந்த நேரம். வார நாட்களில் அதே நேரத்தில் ஆபீஸ் கூட்டம் முட்டிமோதும். எனவே ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. பராமரிப்பு வேலைக்காக மெகா பிளாக் என்று பாதைகளை மூடுவார்கள். பொதுவாகக் காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணி வரை. எந்த லைனில் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளாமல் போனால் காலியான தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த வண்டி எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள முன்பு தடித்த கால அட்டவணைப் புத்தகம் வேண்டியிருந்தது. இப்போது ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் ஒரு ஸ்டேஷன் பெயரைக் கொடுத்தால் அடுத்த சில மணி நேரத்தில் அங்கே வரும் வண்டிகள் தாமத விவரத்துடன் வந்துவிடுகின்றன. கூட்ஸ் வண்டிகள் மட்டும் அதில் இல்லை. அவை எப்போது வரும் என்று தெரியாமலிருப்பதும் ஒரு சுவைதான்.

செயலியைவிட நம்பகமான தகவல் சிக்னலில் இருக்கிறது. சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் எச்சரிக்கை இருக்கிறது. பச்சை என்றால் தாராளமாகப் போ. பிளாட்பாரத்து முனை சிக்னல் பச்சையாகி, அந்தப் பாதையில் நிற்க வேண்டிய லோக்கல் எதுவும் இல்லையென்றால், ஏதோ ஒன்று நிற்காமல் பாய்ந்து வரப்போகிறது என்று அர்த்தம். பேரனை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் நேரமும் அதுவே.

நோட்டுப் புத்தகமும் பென்சிலும்

சும்மா பார்ப்பதைவிட எழுதிக்கொண்டு பார்ப்பதில் சுவை அதிகம். நேரம், வண்டி எண், எஞ்சின் வகை, எஞ்சின் ஷெட் என்று நான்கு கட்டம் போதும்.

வண்டி எண்ணுக்குப் பொருள் உண்டு. 2010 டிசம்பரிலிருந்து எல்லாப் பயணிகள் வண்டிகளுக்கும் ஐந்து இலக்கம். முதல் இலக்கம் 9 என்றால் மும்பை லோக்கல், 1 அல்லது 2 என்றால் தொலைதூர வண்டி, 0 என்றால் ஸ்பெஷல். 12, 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட். 16 என்று தொடங்கினால் தெற்கு ரயில்வேயோடு சம்பந்தப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் எண்ணைப் பாருங்கள்: 16339.

எஞ்சினின் பெயரும் புதிர் அல்ல. டபிள்யூ.ஏ.பி.-7 என்றால், டபிள்யூ அகலப் பாதை, ஏ மாறுமின்சாரம், பி பயணிகள் வண்டி இழுப்பது. பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் கூட்ஸ் எஞ்சின். ஏ இருக்கும் இடத்தில் டி இருந்தால் டீசல். எஞ்சினின் பக்கவாட்டில் அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கும். கல்யாண், அஜ்னி, புசாவல் என்ற பெயர்களுக்கு நடுவே ஈரோடு என்றோ, ராயபுரம் என்றோ, அரக்கோணம் என்றோ ஒன்று கண்ணில் பட்டால், வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

வேகம் கணக்கிடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. சிவப்பு நிற எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். 22 பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து ஏறக்குறைய 550 மீட்டர். அது ஒரு கம்பத்தைக் கடக்க 20 விநாடி ஆனால், விநாடிக்கு 27.5 மீட்டர். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 99 கிலோமீட்டர். டியூஷனில் உட்காராத பிள்ளையும் பிளாட்பாரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

கடைசிப் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். அதன் பின்புறம் பெரிய பெருக்கல் குறியும், எல்.வி. என்ற பலகையும் இருக்கும். கடைசி வண்டி இதுதான் என்பதற்கு அடையாளம். அது இல்லாமல் ஒரு வண்டி கடந்துபோனால், வழியில் ஏதோ பெட்டி கழன்று நின்றுவிட்டது என்று ஸ்டேஷன்காரர்கள் சந்தேகிக்க வேண்டும். அதனால்தான் வண்டி முழுவதும் போகும்வரை அவர்களில் ஒருவர் கொடியோடு நின்று பார்க்கிறார். கார்டு என்று நாம் அழைத்துவந்தவரின் பதவிப் பெயர் 2022 முதல் டிரெயின் மேனேஜர். பிள்ளைகள் கையாட்டினால் பதிலுக்குக் கையாட்டும் வழக்கம் மட்டும் பெயரோடு மாறிவிடவில்லை.

எங்கே நிற்கக் கூடாது

இனி சொல்வதுதான் முக்கியம். மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் உயிரிழக்கிறார்கள். அதில் பெரும்பங்கு தண்டவாளத்தைக் கடக்கும்போது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் மின்சார வண்டி விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. பழைய நீராவி வண்டியைப் போல அது தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வராது. ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவரை அடுத்த பாதையில் எதிர்ப்புறமாக வரும் இன்னொரு வண்டி அடிப்பதே வழக்கமாக நடப்பது. ஆறு பாதை உள்ள இடத்தில் காது யாரையும் காப்பாற்றாது.

அனுமதியில்லாமல் ரயில் பாதையில் இறங்குவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. மழைக்காலத்தில் காட் பாதை ஓரமாக நடந்து அருவி பார்க்கப் போகும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மலைக் காட்சி வேண்டுமானால் கர்ஜத், கண்டாலா, லோணாவளா, கசாரா, இகத்புரி பிளாட்பாரங்கள் இருக்கின்றன. அதைவிடச் சிறந்தது வண்டியிலேயே ஜன்னலோர இடம்.

பிளாட்பாரத்தின் முனையில் சரிவாக இறங்கும் இடம் பார்க்க வசதியாகத் தோன்றும். அங்கே போக வேண்டாம். பிளாட்பாரத்தின் நடுவில், சுவரையோ தூணையோ ஒட்டிய பெஞ்ச் போதும். மஞ்சள் கோட்டுக்கு வெகு உள்ளே இருங்கள். பாய்ந்து போகும் வண்டி கிளப்பும் காற்று சிறு குழந்தையைத் தடுமாற வைக்கும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நிம்மதி.

மேம்பாலத்தில் நின்று பார்ப்பது அழகு. ஆனால் கீழே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். துணி, கயிறு, கைபேசிக் குச்சி எதையும் கம்பிக்கு மேலாக நீட்டக் கூடாது. இன்னொன்று. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு என்றும் இன்று பிரபாதேவி என்றும் அழைக்கப்படும் ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்துபோனார்கள். குறுகலான பாலத்தில் நகராமல் நிற்கும் ஒவ்வொருவரும் பின்னால் வருகிறவர்களுக்குத் தடை. நெரிசல் நேரத்தில் நடைமேம்பாலத்தில் ரயில் பார்க்க நிற்பது நமக்கு மட்டுமல்ல, பிறருக்கும் ஆபத்து. அந்த நேரத்தில் நிற்கவே கூடாது.

வந்த டிக்கெட் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாமல் பிளாட்பார டிக்கெட் வாங்குங்கள். அது இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். படம் எடுக்க விரும்பினால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. பாதுகாப்புப் படையினர் வேண்டாம் என்றால் வாதாடாமல் கருவியை உள்ளே வைத்துவிட வேண்டும். நோட்டுப் புத்தகத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஊருக்குப் போகும் வழியில்

கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகிறவர்கள், பெட்டி படுக்கையை அடுக்கிவிட்டுத் தூங்கிவிடாமல், சில இடங்களில் விழித்திருக்கலாம். வாடி சந்திப்பில் செகந்திராபாத் பாதை பிரிகிறது. சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். கிருஷ்ணா நதியைத் தாண்டினால் ராய்ச்சூர். அங்குள்ள அனல்மின் நிலையத்துக்குக் கரி வண்டிகள் வரும். 1871-இல் மும்பையிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் கைகோத்தது இந்த ராய்ச்சூரில்தான். அந்த இணைப்பு வராதிருந்தால் நம் முன்னோர்கள் எத்தனை பேர் இந்த ஊருக்கு வந்திருப்பார்களோ!

பிறகு குந்தக்கல். பெங்களூர், பெல்லாரி, நந்தியால், ரேணிகுண்டா என்று நான்கு பக்கமும் பாதை விரியும். கடைசியில் அரக்கோணம். கோவை, பெங்களூர்ப் பக்கத்து வண்டிகளும் மும்பைப் பக்கத்து வண்டிகளும் ஒன்றுசேர்ந்து சென்னைக்குள் நுழையும் இடம். மும்பைக்கு தாணேயும் கல்யாணும் எப்படியோ, அப்படிச் சென்னைக்கு அரக்கோணம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலும் அரக்கோணம் வழியாகத்தான் போனது. இரண்டு நகரங்களிலும் முதன்முதலில் போட்ட பாதையே இன்று கழுத்தாக இருக்கிறது. பின்னால் வந்த பாதைகள் எல்லாம் அதில் வந்து சேர்ந்துகொண்டன.

வரும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் எந்த லைனில் என்று பார்த்து, ஃபிளாஸ்க்கில் காபியும் டப்பாவில் நான்கு இட்லியும் எடுத்துக்கொண்டு, ஆறரை மணிக்குள் தாணே போய்ச் சேருங்கள். பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். எந்த வண்டியில், எத்தனை நாள் பிரயாணமாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்று அவர்களிடம் சொல்வதற்கு ஏராளம் இருக்கும். அதைக் கேட்பதற்குத்தான் வீட்டில் யாருக்கும் நேரமில்லை.